சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டேன்

1

கல்லலில் இருக்கும் என் தங்கை மாதம் தவறாமல் ஒரு நீலக் கடிதம் போடுவாள். மழை உண்டா, மாடு ஈன்றதா, யார் வீட்டில் யாருக்கு நிச்சயம் ஆனது என்று ஓரத்தில்கூட இடம் விடாமல் எழுதுவாள். போன வாரம் வந்ததில் பாதிப் பக்கம் காலியாகக் கிடந்தது. நாலே வரிதான்.

"அக்கா, வர்ற மாசம் ஆத்தாவுக்குத் தலைத்தெவசம். உன்னால வர முடியாதுன்னு தெரியும். ஒண்ணு கேக்கணும்னு ஒரு வருசமா மனசுக்குள்ள கெடக்கு. ஆத்தா போனப்ப இங்குட்டு எனக்கு ஊரே வந்து உக்காந்துச்சு. அங்குட்டு உனக்கு யாருக்கா வந்தா?"

கடிதத்தை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். பிஸ்கட் ஆலையில் பெட்டிக்குள் பிஸ்கட் அடுக்குவதுதான் என் வேலை. அன்றைக்கு இரண்டு தடவை கணக்குத் தப்பிப்போய் மேற்பார்வைக்காரியிடம் பேச்சு வாங்கினேன். தங்கைக்கு நாலு வரியில் பதில் எழுத முடியாது. அதனால்தான் நம் ஊர்ப் பத்திரிகைக்கே எழுதுகிறேன். அவளும் படிப்பாள், நீங்களும் படியுங்கள்.

2

அறுபத்தேழில் நாங்கள் இந்த ஊருக்கு வந்தோம். வட இங்கிலாந்தில் ஒரு ஆலை நகரம். என் வீட்டுக்காரருக்கு இயந்திர ஆலையில் வரைபடம் போடும் வேலை. மகள் வள்ளிக்கு அப்போது ஐந்து வயது. பள்ளிக்கூடத்தில் சேர்த்த மூன்றாம் மாதம் அவள் "வேலரி" ஆகிவிட்டாள். யார் மாற்றினார்கள் என்று கேட்டேன். "நான்தான்" என்றாள்.

எனக்கு இங்கிலீஷ் வரும் என்றுதான் வந்தேன். கல்லலிலிருந்து ரயிலேறிக் காரைக்குடிக்குப் போய் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். இங்கிலீஷில் வகுப்பிலேயே முதல் மார்க். அந்தத் திமிர் இங்கே ஒரு வாரம்தான் தாங்கியது.

பக்கத்து வீட்டில் ஐவி என்று ஒரு அம்மாள். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். இங்கே வீடுகள் வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்கும். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். காலையில் பால் புட்டி எடுக்க வரும்போது ஐவி என்னைப் பார்த்து, "சௌக்கியமா?" என்று கேட்பார். அக்கறையாகக் கேட்கிறாரே என்று நான் நின்று, முதுகுவலி, வள்ளியின் இருமல், இரவு தூக்கம் வராதது எல்லாவற்றையும் விவரமாகச் சொல்வேன். அவர் புட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு குளிரில் நடுங்குவார். அந்தக் கேள்விக்குப் பதிலே வேண்டாம் என்பது எனக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

நானும் சும்மா இருந்தேனா? தினமும் அவரிடம், "சாப்பிட்டீர்களா?" என்று கேட்டேன். நம் ஊரில் வாசலில் போகிறவரைக்கூடக் கேட்பதுதானே. ஐவி தன் வீட்டுக்காரர் ஃபிராங்கிடம், "அந்தப் பெண் என்னை எப்போது விருந்துக்குக் கூப்பிடப் போகிறாள் என்றே தெரியவில்லை. தினமும் கேட்கிறாள், சாப்பாட்டைத்தான் காணோம்" என்றாராம்.

வயதில் மூத்தவரைப் பேர் சொல்லிக் கூப்பிட என் நாக்கு வரவில்லை. "அக்கா" என்றே கூப்பிட்டேன். ஐவி அதை ஏற்றுக்கொண்டு, "இந்தியாவில் பக்கத்து வீட்டுக்காரிக்கு அப்படிப் பேர்" என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்தார். நான் திருத்தவில்லை.

அவரில்லாமல் எனக்கு இங்கே ஒன்றும் ஓடியிருக்காது. நான் ஆலையிலிருந்து திரும்ப ஐந்தரை ஆகும். மூன்றரைக்கு வள்ளியைப் பள்ளியிலிருந்து கூட்டி வந்து, ரொட்டியில் ஜாம் தடவிக் கொடுத்து, அடுப்பங்கரை மேசையில் உட்கார வைத்திருப்பார். ஃபிராங்க் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரிலும் ஸ்டேஷன் இருக்கிறது என்று நான் சொன்ன நாளிலிருந்து என்னிடம் தனிப் பிரியம். ஒரு நாளைக்கு எத்தனை வண்டி நிற்கும், சிக்னல் கை எப்படி இறங்கும் என்று கேட்டுக்கொண்டே இருப்பார். கல்லலைப் பற்றி இந்த ஊரில் என்னிடம் கேட்ட ஒரே மனிதர் அவர்தான்.

ஒரு விஷயம் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெந்நீர் போடுவது இங்கே செலவு பிடித்த காரியம். அதனால் ஐவி வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் குளியல். சாயங்காலம் நாலு மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் குழாய் முனகித் தண்ணீர் விழும். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் நாளைக்கு வேலைக்குப் போக வேண்டுமே என்று எனக்கு ஞாபகம் வரும்.

3

இதற்கு நடுவில் கல்லலுக்குப் போய்த் திரும்ப வேண்டியிருக்கிறது.

எங்கள் பெரியப்பா வீட்டுக்கும் எங்களுக்கும் கிணற்றுத் தகராறில் ஒன்பது வருஷம் பேச்சு வார்த்தை கிடையாது. அவர் மகன் கல்யாணத்துக்கு ஊருக்கெல்லாம் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தவர்கள் எங்கள் வாசலை மட்டும் தாண்டிப் போனார்கள். ஆத்தா அன்றைக்கு முழுதும் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். மேளச் சத்தம் கேட்கக் கேட்க எங்களையெல்லாம் வைதாள்.

அதே பெரியப்பா ஒரு நாள் காலையில் தவறிவிட்டார். ஆத்தா புளி கரைத்துக்கொண்டிருந்தாள். கையைக் கழுவிவிட்டு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினாள். எதிர்வீட்டுக்காரி நிறுத்தினாள்.

"என்ன, அங்குட்டாப் போறீக? கல்யாணத்துக்கு உங்களக் கூப்பிடக்கூட இல்லையே அவுக."

"கல்யாணத்துக்குக் கூப்பிடல, போகல. இதுக்கு எவடி கூப்பிடுவா? வழிய விடு."

நானும் பின்னாலேயே போனேன். ஆத்தா பெரியம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்தாள், யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் நடந்தாள். நான் பழக்க தோஷத்தில் பெரியம்மாவைப் பார்த்து, "போயிட்டு வாரேன்" என்று வாயெடுத்தேன். ஆத்தா என் தொடையில் கிள்ளிய கிள்ளு இன்னும் வலிக்கிறது. துக்க வீட்டில் வருகிறேன் என்று சொன்னால், இன்னொரு துக்கத்துக்கு வருகிறேன் என்றல்லவா ஆகும்? வீட்டுக்கு வந்தும் உள்ளே விடவில்லை. கிணற்றடியில் உடுத்திய துணியோடு தலையில் தண்ணீர் ஊற்றி, நனைத்த துணியை அலசிக் கொடியில் போட்ட பிறகுதான் நிலைப்படி தாண்டினோம்.

அன்றிலிருந்து இரண்டு வீடும் பேச ஆரம்பித்தன. ஒருவரும் ஒரு வார்த்தை சமாதானம் சொல்லவில்லை. தேவைப்படவில்லை.

4

இங்கே பழைய காசு போய்ப் புதுக் காசு வந்த எழுபத்தொன்றின் குளிர்காலத்தில் ஃபிராங்க் போய்விட்டார். ஒரு காலை, வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. கொஞ்ச நேரத்தில் பிணம் எடுக்கும் கறுப்பு வண்டியும் வந்து அவரை எடுத்துக்கொண்டு போனது. எனக்கு அன்று வேலை இல்லை. நான் புடவையை மாற்றிக்கொண்டு நின்றதைப் பார்த்து என் வீட்டுக்காரர் சொன்னார்:

"இங்க யாரும் இப்புடி ஒடனே போக மாட்டாக. ஒரு அட்டை வாங்கிப் போட்டா ஆச்சு."

"என்ன சொல்றீக நீங்க? செவுத்துக்கு அந்தாண்ட சாவு விழுந்திருக்கு. நான் கடைக்குப் போயி அட்டை வாங்கவா?"

"சரி போ. அங்க ஒப்பாரி கிப்பாரி வச்சிறாத."

வைக்கவில்லை. அந்தப் பெருமை எனக்கு உண்டு. எப்போதும் பின்வாசலில் போகிறவள், அன்றைக்கு மட்டும் முன்வாசலில் போனேன். ஐவியும் அவர் நாத்தனார்கள் இரண்டு பேரும் சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். உடலும் இல்லாமல், விளக்கும் இல்லாமல் ஒரு துக்க வீடு. எங்கே பார்த்து அழுவது என்றே தெரியவில்லை. ஐவியைக் கட்டிக்கொண்டேன். அவர் கட்டை போல இருந்தார். விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன்.

'ஸாரி' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஸாரி பஸ்ஸில் காலை மிதித்தால் சொல்வது. ஃபிராங்கை நானா மிதித்தேன், மன்னிப்புக் கேட்க? நாத்தனார் ஒரு கோப்பைத் தேநீர் நீட்டினார். நம் பக்கம் துக்க வீட்டில் அடுப்பே பற்றவைக்க மாட்டார்கள். கையால் மறித்தேன். ஒரு மணி நேரம் தலை குனிந்து உட்கார்ந்தேன். ஃபிராங்க் ஒருநாள் கல்லல் ஸ்டேஷனை ஒரு காகிதத்தில் வரைந்து காட்டச் சொன்னது ஞாபகம் வந்து கண்ணீர் வந்தது. பிறகு எழுந்து, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

என் வீட்டுக் கொல்லையில் ஒரு குழாய் உண்டு. தோட்டத்துக்கு விடுவது. பிப்ரவரி மாதம், தண்ணீர் கத்தி மாதிரி இறங்கியது. பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. மூன்று வாளி தலையில் ஊற்றிக்கொண்டேன். புடவையை அலசிக் கொடியில் போட்டேன். சாயங்காலம் பார்த்தால் விறைத்துப் பலகையாகத் தொங்கியது. ஐவியின் அடுப்பங்கரை ஜன்னலுக்கு நேர் எதிரே.

ஆத்தா பார்த்திருந்தால் மெச்சியிருப்பாள். ஒரு குறை வைக்காமல் எல்லாம் செய்திருந்தேன்.

5

மறுநாளிலிருந்து வள்ளியைக் கூட்டி வர ஐவி போகவில்லை. துக்கத்தில் இருப்பவர் என்று நான் ஆலையில் கெஞ்சி நேரம் மாற்றிக்கொண்டேன். அடக்கத்துக்கு எங்களுக்குச் சொல்லவில்லை. ஒரு மாதம் ஆயிற்று. பால் புட்டி எடுக்க நான் வரும் நேரத்தில் அவர் வருவதில்லை. வந்தாலும், "சௌக்கியமா?" இல்லை. பதில் வேண்டாத அந்தக் கேள்விக்கு நான் அப்படி ஏங்குவேன் என்று நினைத்ததில்லை.

கடைசியில் வள்ளிதான் உடைத்தாள். ஒன்பது வயது. சுவரோரம் நின்று ஐவியிடமே நேராகக் கேட்டுவிட்டு வந்திருந்தாள்.

"அம்மா, நீ ஏன் ஐவி ஆன்ட்டி வீட்டை அசிங்கம்னு நெனச்சே?"

"யாருடி சொன்னா?"

"அவங்கதான். நீ அவங்க கொடுத்த டீயைத் தொடலையாம். ஒரு வார்த்தை பேசலையாம். பை சொல்லாம வந்திட்டியாம். வந்து வெளியவே நின்னு தேச்சுத் தேச்சுக் குளிச்சியாம். இந்தத் தெருவுல உன்னைப் பத்தி மத்தவங்க ஏதாச்சும் சொன்னா அவங்கதான் சண்டை போட்டாங்களாம். ஆனா நீ அவங்க வீட்டுக்குப் போனதைக் கழுவினியாம்."

இந்த ஊரில் பஸ்ஸில் என் பக்கத்து இடம் காலியாகவே கிடக்கும். கடையில் மீதிச் சில்லறையைக் கையில் கொடுக்காமல் மேசையில் வைப்பார்கள். அசிங்கம் என்று யார் யாரை நினைக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். என்னை அப்படி நினைக்காத ஒரே ஆளை, நான் அவரை அப்படி நினைக்கிறேன் என்று நம்ப வைத்திருக்கிறேன்.

"நீ நார்மலா இருக்கவே மாட்டியா அம்மா?" என்று வள்ளி இங்கிலீஷில் கேட்டுவிட்டு மாடிக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். அவளுக்குப் போனது ஒரு மேசை, ஜாம் தடவிய ரொட்டி, ஒரு பெரியம்மா. கோபம் நியாயம்தான்.

6

சொல்ல வேண்டியதைக் காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் திருத்திக் கொடுத்தார். 'தங்கள் மேலான கவனத்துக்கு' என்று தாசில்தாருக்கு மனு போடுகிற மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டுப் பின்வாசலில் போனேன். ஐவி உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே சொன்னேன்.

போய் வருகிறேன் என்பதைத் தவிர விடை பெற எங்களிடம் வேறு வார்த்தை இல்லை, அதை அந்த வீட்டில் சொல்லக்கூடாது என்றேன். ஐவிக்கு அது புரிந்தது. தேநீரை மறித்ததற்குக் காரணம் சொன்னேன், அதுவும் புரிந்தது. குளியலில் வந்து மாட்டிக்கொண்டேன். தீட்டு என்பதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது? எனக்குத் தெரிந்த ஒவ்வொரு வார்த்தையும் அழுக்கு என்றே போய் முடிந்தது. முதல் மார்க் வாங்கிய இங்கிலீஷ் அங்கே உதவவில்லை.

பிறகு இப்படிச் சொன்னேன்: "அக்கா, சாவு நடந்த வீட்டுக்குப் போகிறவளை அந்தச் சாவு தொட்டுவிடும். அதனால் குளிக்க வேண்டும். போகாமல் வீட்டிலேயே இருந்தவள் குளிக்க வேண்டியதில்லை. சொந்தக்காரர்கள் குளிப்பார்கள். வேண்டியவர்கள் குளிப்பார்கள். அந்நியருக்குக் குளியல் கிடையாது."

ஐவி கத்தியை வைத்தார்.

"பிப்ரவரியிலுமா?"

"எங்கள் ஊரில் பிப்ரவரியே கிடையாது அக்கா. அங்கே எப்போதும் வெயில்தான்."

அவர் உதடு லேசாகக் கோணியது. சிரிப்பா அழுகையா என்று எனக்குப் பிடிபடவில்லை. "ஃபிராங்குக்காகவா அந்தத் தண்ணீரில் நின்றாய்?" என்றார். ஆமாம் என்றேன். "நிமோனியா வந்திருக்கும், முட்டாள் பெண்ணே" என்று சொல்லிவிட்டு மறுபடி கிழங்கு சீவ ஆரம்பித்தார். ஒரு கிழங்கைச் சீவி முடித்துவிட்டு, "நாளை மூன்றரைக்கு அவளைக் கூட்டி வருகிறேன்" என்றார்.

ஆனாலும் நான் சொன்னது அவர் மனசில் இறங்கியதா, அல்லது இந்தியர்கள் ஒரு மாதிரி என்று மன்னித்துவிட்டாரா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. வருஷக்கணக்காகத் தெரியவில்லை.

7

போன வருஷம் தந்தி வந்தபோது எங்கள் மூன்று பேர் பாஸ்போர்ட்டும் லண்டனில் ஒரு அலுவலகத்தில் கிடந்தன. ஏதோ முத்திரைக்காக அனுப்பி மாதக்கணக்கு ஆகியிருந்தது. "அம்மா காலமானார். தகனம் முடிந்தது. கடிதம் பின்னால்." அவ்வளவுதான் தந்தி. தெருமுனைத் தொலைபேசியில் நின்று அந்த அலுவலகத்தைக் கூப்பிட்டேன். அவசரம் என்றால் கவனிப்போம், இறப்புச் சான்றிதழை அனுப்புங்கள் என்றது ஒரு குரல். கல்லலில் எழுதி வாங்கி அது இங்கே வந்து சேருவதற்குள் கருமாதியே முடிந்துவிடும். என் ஆத்தா செத்துப்போனாள் என்று நான் சொன்னால் போதாதாம்.

வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. கட்டிக்கொண்டு அழ ஆள் இல்லாவிட்டால் நமக்கு அழவே தெரியாது போலிருக்கிறது. இரண்டு நாளில் ஆலையிலிருந்து ஒரு அட்டை வந்தது, பூப்படம் போட்டு. என் வீட்டுக்காரர் அலுவலகத்திலிருந்து ஒன்று. கதவுத் துளை வழியாக 'பொத்' என்று விழுந்தன. ஒருவரும் கதவைத் தட்டவில்லை. துக்கத்தில் இருப்பவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்பது இங்கே மரியாதை. மரியாதை என்று தெரிந்தும் எனக்கு நெஞ்சு எரிந்தது.

அப்போது ஐவி ஊரில் இல்லை. தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார்.

8

செவ்வாய்க்கிழமை மத்தியானம் முன்கதவு தட்டப்பட்டது. ஒன்பது வருஷத்தில் அந்தக் கதவை ஐவி தட்டியதே இல்லை. வள்ளி திறந்தாள். பதினாலு வயது அவளுக்கு, அன்று பள்ளிக்குப் போக மாட்டேன் என்று என்னோடு இருந்தாள்.

ஐவி ஃபிராங்க் அடக்கத்துக்குப் போட்ட கறுப்புக் கோட்டில் வந்திருந்தார். உள்ளே வந்தார். ஸாரி என்று சொல்லவில்லை. முழங்கால் வலியோடு ஒரு கையை நாற்காலியில் ஊன்றி, மெல்ல மெல்லத் தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வள்ளி பழக்கத்தில் தேநீர் போட்டு எடுத்து வந்தாள். தேநீரை வேண்டாம் என்று சொன்ன ஐவியை இந்த ஊரில் யாரும் பார்த்திருக்க முடியாது. கையால் மறித்தார்.

எவ்வளவு நேரம் இருந்தோமோ தெரியாது. கடைசியில் எழுந்தார். சாதாரண நாளில் அவர் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பக் கால் மணி நேரமாகும். பை என்பார், சரி அப்போ என்பார், வாசலில் நின்று மறுபடி பை என்பார். அன்றைக்குக் கதவுவரை போனவர் வாயைத் திறந்தார். அப்படியே மூடிக்கொண்டார். திரும்பிப் பார்க்காமல் போனார்.

வள்ளி கதவைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வழக்கமாகத் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிறவள், அன்று தமிழிலேயே மெதுவாகச் சொன்னாள்: "அம்மா, அவங்க சொல்லாமப் போனாங்கம்மா."

தங்கச்சி, யார் வந்தார்கள் என்று கேட்டிருந்தாய். அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கம் குழாய் முனகியது. பிறகு தண்ணீர் விழ ஆரம்பித்தது. வள்ளி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. நம் ஆத்தாவுக்காக ஐவி அக்கா குளித்துக்கொண்டிருந்தார். நான் வாய்விட்டு அழுதேன்.